கதவுக்காரி

திறந்தது என் கைதான். வலது கை. கறுப்புக் கையுறை, கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருக்கிறது. இப்போது அந்தக் கை மடியில் கிடக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. அரங்கில் சத்தம் இன்னும் அடங்கவில்லை. நீலச் சட்டைக்காரிகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஓய்வறைக்குப் போய்விட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரிகள் தலையைக் குனிந்தபடி எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் மூன்று பகுதி. இரண்டு முடிந்துவிட்டது, இது இடைவேளை. குளிர்கால ஒலிம்பிக், கூரை முழுக்க நாடுகளின் கொடி, கொடிகளுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு கதவு, கதவுக்கு நான். விதி மீறி ஆடியவளை நடுவர் இந்தப் பெட்டிக்கு அனுப்புவார். அவள் இரண்டு நிமிடம் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவரை அவள் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பலகையில் அவளுடைய நேரம் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் நான் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலைக்குச் சம்மதித்தேன். பூஜ்யம் ஆகவில்லை. நான்கு வினாடி இருந்தது. கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கவனித்தேன். பலகையில் நான்கு என்று பார்த்துக்கொண்டே திறந்தேன். உள்ளே இருந்த நீல அணியின் பதினேழாம் எண்காரி கண்ணாடியில் கையுறையால் தட்டினாள், திற திற என்றாள், கை போய்த் திறந்துவிட்டது. யாரோ அடித்த பக் அப்போதுதான் நடுத்தளத்தில் சறுக்கிக்கொண்டு வந்தது, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கதவைத் தாண்டி அவள் காலை வைத்த இடத்துக்கே வந்தது. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. கோல்கீப்பர் மட்டும். இரண்டாம் பகுதி முடிந்து ஹாரன் அடிக்கும்போது வலை ஆடிக்கொண்டிருந்தது.

நடுவர்கள் வீடியோ பார்த்தார்கள். ஹாரனுக்கு முன்னால் பக் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்தார்கள். தாண்டியிருந்தது, ஒரு மயிரிழை. கோல் என்று கையைக் காட்டினார் நடுவர். கோட்டைப் பார்த்தார்கள், கதவைப் பார்க்கவில்லை. கதவை யார் பார்க்கப்போகிறார்கள். நேரப் பலகையை இயக்கும் மணிக்கூட்டு மேசையில் இருக்கும் வதனி அக்கா எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தபோது இதையும் சொன்னார், மேசைக்காரர் பிழையால் கதவு முந்தித் திறந்து, அப்படி வந்தவள் கோல் போட்டால் அந்தக் கோல் செல்லாது. ஆனால் அதை உடனே சொல்ல வேண்டும். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் அடுத்து ஒருதரம் பக்கைக் கீழே போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் கோல் கோல்தான். ஆக இந்த இடைவேளை முடிகிற வரைக்கும் அது கோலும் இல்லை, கோல் இல்லாமலும் இல்லை, என் வாய்க்குள் இருக்கிறது. ஐஸை வழித்துத் தண்ணீர் விடும் பெரிய வண்டி தளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அது போன தடத்தில் கீறல் எல்லாம் மறைந்து தளம் ஈரமாக, கறுப்பாகப் பளபளக்கிறது, சற்று நேரத்தில் வெளுக்கிறது. அது சுற்றி முடிப்பதற்குள் என்று நினைக்கிறேன். முடிப்பதற்குள் என்ன. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். காலில் அசைவில்லை. கல்லூரிக்குப் போகும்போது மினி பஸ்ஸில் என் நிறுத்தம் வரும், கண்டக்டரிடம் இறங்கணும் என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு சொல், வாய் வரைக்கும் வந்து நிற்கும், பஸ் தாண்டிவிடும். துறைமுகம் வரைக்கும் போய், அங்கே இறங்குவதுதான் என் திட்டம் என்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி, வெயிலில் திரும்பி நடப்பேன். ஆலயத்தில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முட்டி போட்டால் சாமியார் வலைக்கு அந்தப் பக்கம் காத்திருப்பார், எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றாது, பொய் சொன்னேன் சாமி என்பேன். எந்தப் பொய்யும் சொல்லியிருக்க மாட்டேன், அதைச் சொல்வதுதான் பொய். வாரா வாரம் அதே. அம்மா ஆலய வாசலில் நின்றுகொண்டு எல்லாரிடமும் சொல்வாள், எங்க ஜெனிட்டா இருக்கிற எடம் தெரியாது, வாயத் தொறக்க மாட்டா, தங்கம். தங்கம் என்றால் நானும் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைப்பார்கள். ஒருவர் தட்டினால் திறந்துவிடுகிறவள், ஒருவர் கேட்டால் கொடுத்துவிடுகிறவள், ஒருவர் முறைத்தால் வழி விடுகிறவள். தூத்துக்குடியில் அப்பா வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் பாரம் பாரமாக ஐஸ் கட்டி சறுக்குப் பலகையில் இறங்கும், கீழே நிற்பவர்கள் விலக வேண்டும், ஐஸ் விலகாது. நான் எப்போதும் விலகுகிற பக்கத்தில் நின்றிருக்கிறேன். இதை ஒரு குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டேன், எப்படி என்று தெரியவில்லை. நடைவழியில் ரப்பர் விரிப்பு, ஈரச் சாக்ஸ் நாற்றம், காபி நாற்றம். நீல அணியின் ஓய்வறையிலிருந்து பாட்டுச் சத்தம், மேசையில் தாளம் போடுகிறார்கள். இந்தப் போட்டியில் அந்த நாடு வெள்ளை அணியை ஒருமுறைகூட முந்தியதில்லையாம், ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இப்போது ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த ஒன்று என்னுடையது. போனை வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. எடுத்தேன். வீட்டு குரூப்பில் தம்பி டெரன்ஸ் ஒரு படம் போட்டிருக்கிறான். எங்கேயோ இணையத்தில் தேடிப் பிடித்து எல்லாரையும் உட்கார வைத்து ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், திரையை அப்படியே பிடித்து அனுப்பியிருக்கிறான். படத்தில் கதவு பாதி திறந்திருக்கிறது. பதினேழின் ஒரு கால் வெளியே. கண்ணாடிக்குப் பின்னால் நான், வாய் லேசாகத் திறந்து, முட்டாள் மாதிரி. மேல் மூலையில் கட்டத்துக்குள் எண். நான்கு. டெரன்ஸ் என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, எங்க அக்கா என்று எழுதியிருக்கிறான். கீழே பெரியம்மா இதயம் போட்டிருக்கிறாள். சித்தி இதயம் போட்டிருக்கிறாள். ஊரில் யாருக்கும் அந்தக் கட்டம் என்னவென்று தெரியாது. அம்மா குரலை அனுப்பியிருக்கிறாள், காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். “ஏட்டி ஜெனி, பாத்தோம்ட்டி. அப்பா உக்காரவே இல்ல, நின்னுக்கிட்டே பாத்தாவ. அந்தப் பெரிய புள்ள தட்டுனதும் டக்குனு தொறந்து விட்டியே, அதான் ஒடனே போய் அடிச்சிட்டா. அப்படித்தான் இருக்கணும், யாரையும் காக்க வைக்கக் கூடாது. காத மூடிக்கிட்டியா? குளிரு காதுலதான் ஏறும்.” இரண்டாம் தரம் கேட்கவில்லை. காது எரிந்தது. குளிர் இல்லை.

கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வதனி அக்கா வந்தார், கழுத்தில் அட்டை, காதில் பெரிய தோடு. நான் படிக்க வந்த இடத்தில் அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன். மகன் சின்ன வயதில் கிளப்பில் ஐஸ் ஹாக்கி ஆடினான், அந்தக் கிளப்பில் தாய்மார்கள்தான் முறைவைத்து மணிக்கூட்டு மேசையில் உட்கார வேண்டும். மகன் விளையாட்டை விட்டுவிட்டான், அக்கா மேசையை விடவில்லை. சனிக்கிழமைகளில் துணைக்கு என்று என்னைக் கூட்டிப் போய்க் கதவுப் பக்கம் உட்கார வைத்தது அவர்தான். இந்தப் பெரிய போட்டிக்கு ஆள் கேட்டபோது என் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். “என்ன பிள்ளை, முகம் வெளிறிப் போய்க் கிடக்கு. சாப்பிட்டனியே?” என்றார். ஓம் அக்கா என்றேன், அவருடன் பேசும்போது எனக்கும் ஓம் வந்துவிடும். “மேசையிலை இருக்கிற ஆக்கள் கத்தக் கூடாது எண்டு சட்டம். நான் உள்ளுக்குள்ளை கத்திக் கத்தி என்ர தொண்டை போட்டுது. அந்தக் குட்டி நாட்டுப் பெட்டையள், என்ன அடி அடிச்சவளவை.” கண்ணாடியில் தலையைச் சரி பண்ணிக்கொண்டார். சொல்லிவிடலாம், இப்போது, இவரிடமாவது. போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், சிரித்தார், “படத்திலை வடிவா விழுந்திருக்கிறாய்” என்றார், பிறகு படத்தை விரல்களால் பெரிதாக்கினார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார். குழாயை நான்தான் மூடினேன். “இதை ஆர் எடுத்தது?” “தம்பி, அக்கா.” “எங்கை போட்டவன்?” “வீட்டு குரூப்ல.” “அழிக்கச் சொல்லு.” போனை என்னிடம் திருப்பித் தந்தார். “பிள்ளை, அதிலை தெரியிறது உன்ர கை மட்டுமில்லை. என்ர மணிக்கூடும் தெரியுது. நான் நம்பரைப் பாக்கிறதை விட்டிட்டு பக்கைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இவ்வளவு காலத்திலை ஒருக்காலும் நான் அப்பிடிச் செய்ததில்லை.” குரலைத் தாழ்த்தினார், அங்கே தமிழ் தெரிந்தவர் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை என்றாலும். “இன்னும் கொஞ்ச நேரத்திலை பக் விழுந்திடும். விழுந்தால் முடிஞ்சுது. நான் ஒண்டும் காணேல்லை, நீ ஒண்டும் காட்டேல்லை. விளங்குதே?” ம் என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ம். இறங்கணும் என்பது வராது, வேண்டாம் என்பது வராது, ம் மட்டும் யார் கேட்டாலும் வந்துவிடும்.

சரி, அவர் சொன்னதே சரி என்று நடந்தேன். யாருக்கு என்ன நஷ்டம். வெள்ளை அணி எப்போதும் ஜெயிக்கிற அணி, பதக்கங்களை எங்கே வைப்பது என்று தெரியாத அணி, ஒரு கோல் போனால் என்ன, இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, அவர்களே இரண்டு போட்டுவிடுவார்கள், போட்டுவிட்டால் என் நான்கு வினாடி ஒன்றுமில்லாமல் போய்விடும், கடவுளே அவர்கள் போட்டுவிட வேண்டும். இப்படி வேண்டிக்கொண்டு திரும்பினால் நடைவழி வளைவில் வெள்ளை அணியின் கோல்கீப்பர். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கால்களில் மெத்தை மாதிரி கவசம், அதை மடக்க முடியாமல் நீட்டியிருந்தாள். முகமூடி மடியில். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. அவளுக்கு முன்னால் பயிற்சியாளர் குனிந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “தூங்கிவிட்டாயா?” என்று அன்பாகக் கேட்டார். அவள், “அவள் எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. பெட்டியில் நேரம் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தேன்” என்றாள். “நினைத்தாய்,” என்றார் அவர். அவள் கொஞ்சம் யோசித்து, “நான் தப்பாகப் பார்த்திருப்பேன்” என்றாள். அவர் அவள் தோளைத் தொட்டு, மூன்றாம் பகுதிக்கு இன்னொருத்தி இறங்கட்டும், நீ ஓய்வெடு என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு முகமூடியின் கம்பியை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் குனிந்த கழுத்தை எனக்குத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கழுத்தோடு இருக்கிறேன். ஆனால் என் கூச்சம் எப்போதும் என் மேல்தான் இருந்தது, யார் தலையிலும் நான் ஏற்றியதில்லை, அது ஒன்றுதான் என்னிடம் இருந்த பெருமை. இப்போது என்னுடையதை அவள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அளவு சரியாக இருக்கிறது, அது தன்னுடையது என்று நம்பிவிட்டாள். சரியாகப் பார்த்தவளே தப்பாகப் பார்த்ததாகச் சொல்கிறாள். நான் அவளைத் தாண்டி நடந்தேன். சாரி என்று முணுமுணுத்தேன், வழி கேட்பதாக நினைத்துக் காலைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள்.

நடுவர்கள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் நின்றேன். கையை உயர்த்தினேன், இறக்கினேன். உள்ளே சிரிப்புச் சத்தம். வதனி அக்கா தினமும் காலையில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி மாடிப்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் சொன்னால் அவர் மேசை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண். சொன்னால் நீலச் சட்டைக்காரிகளின் பாட்டு. சொல்லாவிட்டால் அம்மாவின் தங்கம் தங்கமாகவே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவருக்கு முன்னால் தலை குனிய வேண்டும், யாருக்கு முன்னால் என்று மட்டும் தேர்ந்தெடுக்கலாம். கதவு தானாகத் திறந்தது. தலைமை நடுவர் வெளியே வந்தார், உயரமான பெண், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, சறுக்குக் காலணியின் கத்திகளுக்குப் பிளாஸ்டிக் உறை. என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த போனைப் பார்த்தார். “ஓ,” என்றார், “சரி, சீக்கிரம்.” என் தோள் மேல் கையைப் போட்டு, முகத்தை என் முகத்தோடு வைத்து, போனைப் பார்த்துச் சிரித்தார். செல்ஃபி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் என்ன செய்தேன், நானும் சிரித்தேன். சிரித்தேன். கை தானாகக் கேமராவைத் தேடியது. இப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்தது, வீட்டு குரூப்பில் அதற்கும் இதயம் போடுவார்கள். “இல்லை” என்றேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். “இல்லை, படம் வேண்டாம். நான் கதவுக்காரி. கதவை முன்னாலேயே திறந்துவிட்டேன். நேரம் இருந்தது. நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே திறந்தேன்.” என் ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது, முதுகலை படிக்கிறவளுடைய ஆங்கிலமா இது என்று நடுவிலேயே ஒரு வெட்கம். அவர் கை தோளிலிருந்து இறங்கியது. படத்தைக் காட்டினேன். டெரன்ஸ் போட்ட சிவப்பு வட்டத்தைத் தாண்டி அவர் கண் மூலைக்குப் போனது. “மேசையில் யாருக்காவது தெரியுமா?” என்றார். “திறந்தது நான்” என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை, அவருக்கும் அது தெரிந்தது. திரும்பி அறைக்குள் போய்விட்டார். நன்றி சொல்லவில்லை, திட்டவில்லை. “உன் இடத்துக்குப் போ, ஆட்டத்துக்கு வேறு ஆள் இல்லை” என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. ஆகவில்லை. பெட்டியில் போய் உட்கார்ந்தேன். வண்டி போய்விட்டது, தளம் வெளுத்து, கீறல் இல்லாமல் கிடந்தது. ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் அறிவித்தார்கள். மூன்று மொழியிலும் என் பெயர் இல்லை, மேசைத் தரப்புப் பிழை என்று மட்டும் இருந்தது, ஆனால் பெரிய திரையில் அந்தக் கதவைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அவ்வளவு பெரிதாக என்னை நானே பார்த்ததில்லை. அரங்கம் ஊளையிட்டது. வதனி அக்கா மேசையில் ஒரு பொத்தானை அழுத்தினார், பலகையில் ஒன்று பூஜ்யமானது. என் பக்கம் திரும்பவில்லை. தோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை அணியில் அந்தச் சின்னப் பெண்தான் மறுபடி கோலுக்கு வந்தாள், மட்டையால் இரண்டு கம்பத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து நின்றாள், அவளும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது. பிறகு நடுவர் நீல அணியின் பக்கம் கையைக் காட்டினார். பாக்கியிருந்த நான்கு வினாடியைப் பதினேழு வந்து உட்கார்ந்து தீர்க்க வேண்டுமாம். இதை அக்கா எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவள் தளத்தைக் குறுக்காகக் கடந்து என்னை நோக்கி வந்தாள், மெதுவாக, அவசரமே இல்லாமல். கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்து நின்றாள். உட்காரவில்லை. முகக்கம்பிக்குப் பின்னால் கன்னம் சிவந்திருந்தது, அழுதிருக்கலாம், அல்லது குளிர். சாரி என்றேன். ஊளைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவள் தளத்தைப் பார்த்தபடியே பேசினாள், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி. “நான் தட்டினேன். நாங்கள் எல்லாரும் தட்டுவோம். எந்த ஊரிலும், எந்தப் பெட்டியிலும். சின்னப் பிள்ளையிலிருந்து தட்டுகிறோம், பழக்கம். இதுவரை யாரும் திறந்ததில்லை. நீ ஏன் திறந்தாய்?” நடுவர் குனிந்தார். பக் விழுந்தது. நான்கு. வாயைத் திறந்தேன், ஒரு பதில் இருந்தது, மிகச் சின்னது, அதைச் சொல்வதைவிட இந்தக் கண்ணாடி உடைந்து என் மேல் விழலாம். மூன்று. அவள் கை கண்ணாடிப் பக்கம் போகவில்லை, இம்முறை தட்டப்போவதில்லை, என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, அல்லது பரிதாபம். இரண்டு. தாழ்ப்பாள் கையுறைக்குள்ளும் சில்லென்று இருந்தது. ஒன்று. ஒன்று எவ்வளவு நேரம் நின்றது. பூஜ்யம், திறந்தேன், அவள் ஒரே உந்தலில் போய்விட்டாள், நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். “நீங்க தட்டுனீங்களே” என்று நான் சொன்னபோது பெட்டிக்குள் யாரும் இல்லை.